காரின் தொழில்நுட்ப வசதிகள்: எதற்குப் பணம் தரலாம், எதைத் தவிர்க்கலாம்?

புது தில்லி: புதிய கார் வாங்க விற்பனையகத்துக்குச் செல்லும் குடும்பத்தினரின் கண்ணில் இன்று முதலில் படுவது இன்ஜின் அல்ல; ஒளிரும் பெரிய தொடுதிரைதான். குரல் கட்டளைக்குத் திறக்கும் மேற்கூரை, கைப்பேசிச் செயலி மூலம் வீட்டிலிருந்தே இயக்கக்கூடிய ஏ.சி., காரைச் சுற்றிலும் காட்டும் கேமரா, முன்னே செல்லும் வாகனத்தைக் கவனித்துத் தானே பிரேக் போடும் அமைப்பு என விற்பனைப் பிரதிநிதி ஒவ்வொன்றாக இயக்கிக் காட்டுகிறார். இவற்றில் பெரும்பாலானவை அந்த மாடலின் உயர் ரகங்களில்தான் கிடைக்கும் என்பது விலைப்பட்டியலைப் பார்க்கும்போதே தெரியவருகிறது.

ஒரே மாடலின் அடிப்படை ரகத்துக்கும் உயர் ரகத்துக்கும் இடையே சில லட்சம் ரூபாய் வேறுபாடு இருப்பது இந்தியச் சந்தையில் வழக்கமானதே. அந்தக் கூடுதல் தொகை 2 லட்சம் ரூபாய் என வைத்துக்கொள்வோம். அதை 9 சதவீத வட்டியில் 5 ஆண்டுக் கடனாகப் பெற்றால், மாதத் தவணை ஏறத்தாழ 4,150 ரூபாய் அதிகரிக்கும். கடன் முடியும்போது அந்த 2 லட்சத்துக்காக மொத்தம் 2.49 லட்சம் ரூபாய் செலுத்தப்பட்டிருக்கும். பல மாநிலங்களில் சாலை வரி காரின் விலைக்கு ஏற்ப விதிக்கப்படுவதாலும், காரின் மதிப்பைப் பொறுத்தே சொந்தச் சேதத்துக்கான காப்பீட்டுக் கட்டணம் அமைவதாலும், உண்மையான செலவு இதைவிடவும் கூடும்.

இந்தச் செலவு தகுமா என்ற கேள்விக்கு ஒற்றை வரியில் விடை கூற இயலாது. தொழில்நுட்பம் என்ற ஒரே பெயரில் முற்றிலும் வேறுபட்ட வசதிகள் விற்கப்படுவதே அதற்குக் காரணம். உயிரைக் காப்பவை, கைப்பேசியே செய்துவிடக்கூடியவை, சில ஆண்டுகளில் பயனற்றுப் போகக்கூடியவை என அவற்றைப் பிரித்துப் பார்ப்பது அவசியம். காரை வாங்கிய பின்னர் வெளியில் பொருத்திக்கொள்ள முடியாத பாதுகாப்பு அமைப்புகளுக்கு முதலிடம் தருவதும், பின்னாளில் குறைந்த செலவில் சேர்த்துக்கொள்ளக்கூடியவற்றைக் கடைசியில் வைப்பதுமே பயனுள்ள அணுகுமுறையாக இருக்கும்.

'இணைய கார்' வந்த கதை

இந்தியாவில் இணைய வசதி கொண்ட கார்களுக்கான போட்டி 2019-ஆம் ஆண்டில் வேகமெடுத்தது. அந்த ஆண்டு மே மாதம் ஹூண்டாய் நிறுவனம் 'வென்யூ' காரை 'புளூலிங்க்' இணைய வசதியுடன் அறிமுகப்படுத்தியது. அடுத்த மாதமே எம்.ஜி. நிறுவனம் 'ஹெக்டர்' காரை 'இணைய கார்' என்றே விளம்பரப்படுத்திச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஆகஸ்டில் கியா நிறுவனத்தின் 'செல்டோஸ்' வந்தது.

இதையடுத்து, ஓட்டுநருக்கு உதவும் 'அடாஸ்' எனப்படும் அமைப்புகள் அறிமுகமாகின. 2020-இல் எம்.ஜி. 'குளோஸ்டர்', 2021-இல் மஹிந்திரா 'எக்ஸ்யூவி700' ஆகிய பெரிய கார்களில் தொடங்கிய இந்த வசதி, 2024 டிசம்பரில் அறிமுகமான ஹோண்டா 'அமேஸ்' காரின் வழியாகச் சிறிய செடான் வகைக்கும் வந்துசேர்ந்தது. சொகுசு கார்களுக்கு மட்டும் உரியதாக இருந்த தொழில்நுட்பம் நான்கே ஆண்டுகளில் நடுத்தரக் குடும்பங்களின் விலைப்பட்டியலில் இடம்பெற்றுவிட்டது.

சட்டம் ஏற்கெனவே தந்துள்ளவை

எந்த ரகத்தை வாங்கினாலும் சில வசதிகள் இருந்தே தீரும். 2019 ஜூலை 1 முதல் ஓட்டுநருக்கான காற்றுப்பை, பின்புறப் பார்க்கிங் உணரிகள், முன்னிருக்கைகளுக்கான சீட் பெல்ட் நினைவூட்டல், வேக எச்சரிக்கை ஒலி ஆகியவை கார்களில் கட்டாயமாக்கப்பட்டன. வேகம் மணிக்கு 80 கிலோமீட்டரைக் கடக்கும்போது விட்டுவிட்டும், 120 கிலோமீட்டரைக் கடந்தால் தொடர்ந்தும் ஒலிக்கும் எச்சரிக்கை இந்த விதியின்படியே பொருத்தப்பட்டது. பிரேக் போடும்போது சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் அமைப்பும் அந்த ஆண்டிலேயே அனைத்துக் கார்களுக்கும் கட்டாயமானது. முன்புறப் பயணிக்கான காற்றுப்பை, புதிய மாடல்களில் 2021 ஏப்ரல் முதலும், ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களில் அந்த ஆண்டின் இறுதிக்குள்ளும் நடைமுறைக்கு வந்தது.

எனவே விற்பனைப் பிரதிநிதி ஏபிஎஸ், இரண்டு காற்றுப்பைகள், பார்க்கிங் உணரி ஆகியவற்றைச் சிறப்பு வசதிகளாக எடுத்துரைத்தால், அவை சட்டப்படி இருக்க வேண்டியவை என்பதை வாங்குவோர் நினைவில் கொள்ள வேண்டும்.

ஆறு காற்றுப்பைகளைக் கட்டாயமாக்கும் வரைவு அறிவிக்கையை மத்திய அரசு 2022 ஜனவரியில் வெளியிட்டது. அதை நடைமுறைப்படுத்துவது முதலில் ஓராண்டு தள்ளிவைக்கப்பட்டது. பின்னர், அதைக் கட்டாயமாக்கப் போவதில்லை என மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி 2023 செப்டம்பரில் தெரிவித்தார். ஆயினும் சந்தை தானே அந்தத் திசையில் நகர்ந்தது. ஹூண்டாய் நிறுவனம் 2023 அக்டோபரில் தனது அனைத்து மாடல்களிலும் ஆறு காற்றுப்பைகளை வழங்குவதாக அறிவித்தது. மாருதி சுஸுகி நிறுவனம் 2025 மே மாதத்தில் ஆல்டோ கே10, வேகன் ஆர், செலேரியோ, ஈகோ ஆகியவற்றிலும் இதைச் சேர்த்தது. ஒரு காலத்தில் உயர் ரகத்துக்குப் பணம் கொடுத்துப் பெற வேண்டியிருந்த வசதி, இன்று தொடக்க விலைக் கார்களிலேயே கிடைக்கிறது.

கண்ணுக்குத் தெரியாத காவலர்

கார் தொழில்நுட்பங்களில் மிகுந்த பயன் தருபவை பெரும்பாலும் விளம்பரத்தில் மிகக் குறைவாகவே பேசப்படுகின்றன. இஎஸ்சி எனப்படும் மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு.

மழை பெய்த சாலையில் வேகமாகச் செல்லும் காரின் குறுக்கே ஒரு நாய் ஓடிவருகிறது. ஓட்டுநர் ஸ்டீயரிங்கைச் சட்டெனத் திருப்புகிறார். கார் அவர் திருப்பிய திசையில் செல்லாமல் வழுக்கிச் சுழலத் தொடங்குகிறது. ஓட்டுநர் செல்ல நினைக்கும் திசையும் கார் உண்மையில் செல்லும் திசையும் வேறுபடுவதை உணரிகள் கண்டறிந்ததும், இஎஸ்சி தேவையான சக்கரத்துக்கு மட்டும் தனியாக பிரேக் கொடுத்துக் காரை மீண்டும் நேர்படுத்துகிறது. இவை அனைத்தும் ஓட்டுநர் உணர்வதற்குள் நடந்துமுடிகின்றன. திரை தேவையில்லை, இணையம் தேவையில்லை, கட்டளையும் தேவையில்லை.

தனி வாகனம் மட்டும் சிக்கிக்கொள்ளும் உயிரிழப்பு விபத்துகளின் அபாயத்தை இஎஸ்சி ஏறத்தாழ பாதியாகக் குறைப்பதாக அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு நிறுவனத்தின் (ஐஐஎச்எஸ்) ஆய்வுகள் காட்டுகின்றன. அமெரிக்காவில் 2012-ஆம் ஆண்டு மாடல் கார்களிலிருந்தும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பரிலிருந்தும் இது கட்டாயமாக உள்ளது. இந்தியாவில் 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ள 'பாரத் என்கேப்' மோதல் பரிசோதனைத் திட்டத்தில், மூன்று நட்சத்திரமோ அதற்கு மேலோ பெற வேண்டுமெனில் இஎஸ்சி இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆனால் அந்தப் பரிசோதனைக்குக் கார்களை அனுப்புவது நிறுவனங்களின் விருப்பத்தைப் பொறுத்ததே.

இஎஸ்சி-யைப் பின்னர் வெளிச்சந்தையில் வாங்கிப் பொருத்த முடியாது. பக்கவாட்டுக் காற்றுப்பைகளும் அப்படியே. ஆகவே, தேர்ந்தெடுத்த ரகத்தில் இவை இல்லையெனில், ஒரு படி மேலான ரகத்துக்குச் செல்வதற்கு இதுவே நியாயமான காரணமாகும். அந்த மாடலில் இவை உச்ச ரகத்தில் மட்டுமே உள்ளன என்றால், அவற்றை அடிப்படை ரகத்திலேயே தரும் வேறொரு மாடலைப் பார்ப்பது செலவைக் குறைக்கும்.

சக்கரங்களின் காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் அமைப்பும் அமைதியாகப் பயன்தரும் மற்றொரு வசதி. காற்றுக் குறைந்த டயர் அதிக வெப்பமடைந்து அதிவேகச் சாலையில் வெடிக்கும் ஆபத்து உண்டு. இந்தக் கண்காணிப்பு அமைப்பும் பஞ்சர் சரிசெய்யும் உபகரணமும் இருந்தால், மாற்றுச் சக்கரம் இல்லாமலேயே காரை விற்க 2020-ஆம் ஆண்டு விதித்திருத்தம் அனுமதிக்கிறது. எனவே காரை வாங்கும்போது மாற்றுச் சக்கரம் உள்ளதா என்பதையும் பார்த்துக்கொள்வது நல்லது. இந்தக் கண்காணிப்புக் கருவிகள் வெளிச்சந்தையிலும் கிடைக்கின்றன என்பதால், இதற்காக மட்டும் உயர் ரகத்தை நாட வேண்டியதில்லை.

'அடாஸ்' இந்தியச் சாலைகளுக்கு ஏற்றதா?

முன்புறக் கண்ணாடியின் பின்னே பொருத்தப்பட்ட கேமரா, முன் பம்பருக்குள் இருக்கும் ரேடார் ஆகியவற்றின் உதவியுடன் அடாஸ் இயங்குகிறது. சில கார்களில் கேமரா மட்டுமே இருக்கும். முன்னே செல்லும் வாகனத்துடன் இடைவெளியைப் பேணி வேகத்தைக் கூட்டிக் குறைப்பது, தடத்தை விட்டு விலகினால் எச்சரித்து ஸ்டீயரிங்கை மெல்லத் திருப்புவது, மோதல் நேரிடும் எனக் கணித்தால் தானே பிரேக் போடுவது ஆகியவை இதன் முக்கியப் பணிகள்.

இவற்றுள் தானியங்கி அவசர பிரேக்கின் பயன் ஆய்வுகளில் உறுதியாகியுள்ளது. முன்னே செல்லும் வாகனத்தின் பின்புறத்தில் மோதும் விபத்துகளை, எச்சரிக்கையுடன் கூடிய இந்த அமைப்பு ஏறத்தாழ பாதியாகக் குறைப்பதாக ஐஐஎச்எஸ் கண்டறிந்துள்ளது. ஆனால் அந்த முடிவு அமெரிக்கச் சாலைகளில் கிடைத்தது. இடைவெளி விட்டால் இரு சக்கர வாகனம் நுழைந்துவிடும் இந்திய நகரச் சாலைகளில், இதே அமைப்பு தேவையற்ற நேரத்தில் பிரேக் போட்டுப் பின்னால் வருவோரைத் திடுக்கிடச் செய்வதும் உண்டு. தடக்கோடுகள் அழிந்துபோன சாலைகளிலும், கோடுகளே இல்லாத சாலைகளிலும் தடத்தைப் பேணும் உதவி செயல்படாது. எச்சரிக்கை ஒலி அடிக்கடி எழுந்தால் ஓட்டுநர் எரிச்சலடைந்து அதை அணைத்துவிடுகிறார். பணம் கொடுத்து வாங்கிய வசதி அதன்பின் பயன்படுவதே இல்லை.

இன்னொரு கேள்வியும் எழுகிறது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-ஆம் ஆண்டில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களில் 44.5 சதவீதத்தினர் இரு சக்கர வாகனங்களில் சென்றவர்கள், 19.5 சதவீதத்தினர் பாதசாரிகள். ஆகவே, காரில் உள்ள அவசர பிரேக் கார்களை மட்டும் அடையாளம் காண்கிறதா, பாதசாரிகளையும் இரு சக்கர வாகனங்களையும் அடையாளம் காண்கிறதா என்று கேட்டறிய வேண்டும். அந்த விவரம் காரின் பயன்பாட்டுக் கையேட்டில் எழுதப்பட்டிருக்கும்.

வட மாநிலங்களில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் அதிவேகச் சாலைகளை மூடும் அடர்பனியில் அடாஸ் காப்பாற்றிவிடும் என நம்புவதும் ஆபத்தானது. மனிதக் கண்ணுக்குத் தெரியாததைக் கேமராவும் பார்க்க முடியாது. கனமழையிலும், கண்ணாடியில் சேறு படிந்த நிலையிலும் அமைப்பு தன்னை முடக்கிக்கொள்ளும் எனத் தயாரிப்பாளர்களின் கையேடுகளே கூறுகின்றன.

விற்பனையில் அடிக்கடி காதில் விழும் 'லெவல் 2' என்ற சொல்லின் பொருளையும் அறிந்துகொள்வது தேவை. ஸ்டீயரிங், வேகம் ஆகிய இரண்டிலும் கார் ஒரே நேரத்தில் உதவும் என்பது மட்டுமே அதன் பொருள். கண்ணைச் சாலையிலிருந்து எடுக்கலாம் என்பது அல்ல. விபத்து நேர்ந்தால் பொறுப்பு ஓட்டுநருடையதே. அவசர பிரேக் போன்ற தனிப்பட்ட அமைப்புகளின் பயனை ஏற்கும் ஐஐஎச்எஸ் கூட, இவ்வாறான பகுதித் தானியங்கி ஓட்டுதல் விபத்துகளைத் தடுப்பதற்குச் சான்று கிடைக்கவில்லை என 2024-இல் தெரிவித்தது.

அதிவேகச் சாலைகளில் அடிக்கடி நீண்ட பயணம் செல்வோருக்கு அடாஸ் பயன்தரும். நாள்தோறும் நகர நெரிசலில் அலுவலகம் சென்று திரும்புவோருக்கு அதன் பயன் குறைவே. இரண்டாம் வகையினர் அந்தப் பணத்தை ஆறு காற்றுப்பைகள், இஎஸ்சி ஆகியவற்றை உறுதிசெய்யச் செலவிடலாம்.

பெரிய திரை, சிறிய கவனம்

விற்பனையகத்தில் மிகவும் கவரும் பொருள் தொடுதிரையே. ஆனால் ஓடும் காரில் அது கவனத்தைச் சிதறடிக்கும் பொருளாகவும் மாறக்கூடும். சுவீடனைச் சேர்ந்த 'வி பிலாகரே' என்ற கார் இதழ் 2022-இல் 12 கார்களை ஒப்பிட்டது. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது வெப்பநிலையை மாற்றுவது, வானொலி அலைவரிசையை மாற்றுவது போன்ற நான்கு பணிகளை ஓட்டுநர் செய்து முடிக்க ஆகும் நேரம் அளவிடப்பட்டது. பொத்தான்கள் மட்டுமே கொண்ட, 2005-ஆம் ஆண்டுத் தயாரிப்பான வால்வோ கார் ஒன்றில் அதற்கு 10 விநாடிகள் போதுமானதாக இருந்தன. தொடுதிரை கொண்ட நவீன கார்களுள் கடைசி இடம் பெற்ற ஒன்றில் 44.6 விநாடிகள் தேவைப்பட்டன. அதற்குள் அந்த கார் கடந்திருந்த தொலைவு ஏறத்தாழ 1.4 கிலோமீட்டர்.

இந்த ஆபத்தை ஒழுங்குமுறை அமைப்புகளும் உணர்ந்துள்ளன. திசை காட்டும் விளக்கு, அபாய விளக்கு, ஹாரன், வைப்பர், அவசர அழைப்பு ஆகியவற்றுக்குத் தனிப் பொத்தான் அல்லது நெம்புகோல் இருந்தால்தான் முழு மதிப்பெண் என்ற விதியை ஐரோப்பாவின் 'யூரோ என்கேப்' 2026-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இந்தியாவில் கார் வாங்குவோரும் இதை எளிதாகப் பரிசோதிக்கலாம். சோதனை ஓட்டத்தின்போது, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஏ.சி.யின் குளிர்ச்சியையும் ஒலியின் அளவையும் மாற்ற முடிகிறதா என்று பார்த்தால் போதும்.

வழிகாட்டி வரைபடம், பாடல்கள், அழைப்புகள் ஆகிய அனைத்தையும் கைப்பேசியே வழங்குகிறது. ஆண்ட்ராய்டு ஆட்டோ, ஆப்பிள் கார்பிளே ஆகிய இரண்டையும் ஏற்கும் எளிய திரை இருந்தால், கைப்பேசியின் வரைபடம் அதில் தோன்றும்; கைப்பேசி புதுப்பிக்கப்படும்போது வரைபடமும் புதுப்பிக்கப்படும். இத்தகைய திரையை வெளிச்சந்தையிலும் பொருத்திக்கொள்ள முடியும். அவ்வாறு செய்கையில் காரின் மின்கம்பிகளை வெட்டாமல், உரிய இணைப்பான்களைக் கொண்டு பொருத்துவது அவசியம். இல்லையெனில் உத்தரவாதம் பாதிக்கப்படலாம்.

இணைய வசதியின் ஆயுள்

செயலி வழி இயங்கும் இணைய வசதிக்கென காருக்குள் ஒரு சிம் பதிக்கப்பட்டிருக்கும். காரின் இருப்பிடத்தை அறிவது, கதவுகளைப் பூட்டுவது, காரில் ஏறும் முன்பே ஏ.சி.யை இயக்குவது ஆகியவை அதன் மூலம் நடைபெறுகின்றன. 45 டிகிரி வெயிலில் நிறுத்திய காரில் ஏறும் முன்பே குளிர்ச்சி கிடைப்பது இனிமையானதே. ஆயினும் பெட்ரோல், டீசல் கார்களில் இதற்கு இன்ஜின் ஓட வேண்டும். மூடிய கொட்டகையில் நிறுத்தப்பட்ட காரைத் தொலைவிலிருந்து இயக்கினால் கார்பன் மோனாக்சைடு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

இந்தச் சேவை என்றென்றும் இலவசமல்ல. வென்யூ அறிமுகமானபோது புளூலிங்க் சேவை மூன்று ஆண்டுகளுக்கு இலவசமாக வழங்கப்பட்டது. அதாவது, ஐந்து ஆண்டுக் கடனில் காரை வாங்கியவருக்கு இலவசக் காலம் முடிந்த பின்னரும் இரண்டு ஆண்டுகள் தவணை எஞ்சியிருக்கும். தனியார் கார்களின் பதிவுச் சான்று 15 ஆண்டுகள் செல்லுபடியாகும். அத்தனை ஆண்டுகளுக்கும் இணையச் சேவை தொடரும் என்ற உறுதி பொதுவாகத் தரப்படுவதில்லை. அமெரிக்காவில் 2022-இல் 3ஜி சேவை நிறுத்தப்பட்டபோது, அதை நம்பியிருந்த பல கார்களின் இணைய வசதிகள் செயலிழந்தன. கார் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அதன் செயலி மட்டும் பயனற்றுப் போனது.

சந்தா முறை எல்லை மீறினால் வாடிக்கையாளர்கள் எதிர்ப்பார்கள் என்பதற்கும் சான்று உண்டு. காரில் ஏற்கெனவே பொருத்தப்பட்டிருந்த சூடேற்றும் இருக்கைக்கு மாதச் சந்தா கேட்ட பிஎம்டபிள்யூ நிறுவனம், கடும் விமர்சனத்தைச் சந்தித்து 2023-இல் அத்திட்டத்தைக் கைவிட்டது.

இணைய வசதிகளில் ஒன்று மட்டும் தனித்து நிற்கிறது. காற்றுப்பை விரிந்தவுடன் கார் தானே உதவிக்கு அழைப்பு விடுக்கும் வசதி அது. காயமடைந்தவருக்கு முதல் ஒரு மணி நேரத்துக்குள் கிடைக்கும் சிகிச்சையின் முக்கியத்துவத்தை உணர்ந்து, 2019-ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் 'பொன்னான நேரம்' என்பதற்கு வரையறையே தந்துள்ளது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மார்ச் 31 முதல் புதிய மாடல்களில் இது கட்டாயம். அழைப்பு நேரடியாக 112 என்ற அவசர எண்ணுக்குச் செல்லும். இந்தியாவில் இது பெரும்பாலும் தயாரிப்பு நிறுவனத்தின் உதவி மையத்தின் வழியாகச் செயல்படுகிறது. சந்தா முடிந்த பிறகும் இந்த அழைப்பு செயல்படுமா என்பதை எழுத்து வடிவில் கேட்டுப் பெறுவது நல்லது.

காருக்குள் ஒரு சாட்சி

இணைய வசதி கொண்ட கார், எங்கே சென்றோம், எவ்வளவு வேகத்தில் சென்றோம், எத்தனை முறை திடீரென பிரேக் போட்டோம் என்பதையெல்லாம் பதிவுசெய்கிறது. அந்தத் தரவு யாரிடம் செல்கிறது என்பது உலகெங்கும் விவாதமாகியுள்ளது. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், ஓட்டுநர்களின் இருப்பிடத் தரவுகளையும் வாகனம் ஓட்டும் முறை குறித்த தரவுகளையும் உரிய ஒப்புதலின்றிச் சேகரித்து விற்றதாக அந்நாட்டின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் குற்றஞ்சாட்டியது. அத்தகைய தரவுகளை நுகர்வோர் மதிப்பீட்டு நிறுவனங்களுக்கு வழங்க ஐந்து ஆண்டுத் தடை விதிக்கும் உத்தரவை ஆணையம் 2025 ஜனவரியில் முன்மொழிந்தது. அதற்கு முன்னதாக 2023-இல் மோசில்லா அறக்கட்டளை 25 கார் நிறுவனங்களின் தனியுரிமைக் கொள்கைகளை ஆராய்ந்தது; அவற்றில் ஒன்றுகூடத் தேர்ச்சி பெறவில்லை.

இந்தியாவில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் இயற்றப்பட்டது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கை செய்யப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. தெளிவான ஒப்புதல் பெற்றே தரவைச் சேகரிக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. ஆயினும், காரைப் பெற்றுக்கொள்ளும் நாளின் பரபரப்பில் செயலியின் நிபந்தனைகளைப் படிக்காமல் ஒப்புதல் அளிப்பதே பலரின் வழக்கம்.

பழைய காரை விற்கும்போது இதில் இன்னொரு சிக்கல் உள்ளது. முந்தைய உரிமையாளரின் கணக்கு நீக்கப்படாவிட்டால், கார் கைமாறிய பின்னரும் அவரது கைப்பேசியில் அதன் இருப்பிடம் தெரியக்கூடும். கதவைத் திறக்கவும் முடியலாம். விற்பவர் தமது தொடர்பு எண்கள், அழைப்பு விவரங்கள் ஆகியவற்றைத் திரையிலிருந்து அழித்துக் கணக்கை நீக்க வேண்டும். வாங்குபவர் பதிவுச் சான்று மாற்றத்துடன் செயலிக் கணக்கின் மாற்றத்தையும் உறுதிசெய்ய வேண்டும்.

பழுதானால் செலவு யாருடையது?

வசதி கூடக்கூடப் பழுதுச் செலவும் கூடுகிறது. அடாஸ் கேமரா முன்புறக் கண்ணாடியின் பின்னே இருப்பதால், கல் பட்டு உடைந்த கண்ணாடியை மாற்றினால் மட்டும் போதாது. கேமராவின் பார்வைக் கோணத்தை மீண்டும் துல்லியமாகச் சரிசெய்ய வேண்டும். சிறிய மோதலில் பம்பர் சேதமடைந்தாலும், அதற்குப் பின்னே உள்ள ரேடார் பாதிக்கப்படலாம். இந்தப் பணியை எல்லாப் பணிமனைகளும் செய்வதில்லை. காப்பீட்டில் தேய்மானக் கழிவு இல்லாத கூடுதல் பாதுகாப்பைத் தேர்ந்தெடுப்பதும், உணரிகளும் மறுசீரமைப்புக் கட்டணமும் அதில் அடங்குமா என்று கேட்பதும் பின்னாளில் வீண் செலவைத் தவிர்க்கும்.

தொடுதிரையே காரின் பல செயல்பாடுகளுக்கு மையமாக இருக்கும் மாடல்களில், திரை பழுதானால் ஏ.சி.யைக்கூட இயக்க முடியாமல் போகலாம். உத்தரவாதக் காலத்துக்குப் பின் திரையை மாற்ற எவ்வளவு செலவாகும் என்பதைப் பணிமனையில் கேட்டறிந்த பின் முடிவெடுப்பது உகந்தது.

விற்பனையகத்தில் கேட்க வேண்டியவை

முன்பணம் செலுத்தும் முன் பின்வரும் கேள்விகளுக்கு விடை பெறுவது பயன்தரும்:

* தேர்ந்தெடுத்த ரகத்தில் இஎஸ்சி, ஆறு காற்றுப்பைகள், அனைத்து இருக்கைகளுக்கும் மூன்று முனை சீட் பெல்ட் ஆகியவை உள்ளனவா?

* பாரத் என்கேப் நட்சத்திர மதிப்பீடு எந்த ரகங்களுக்குப் பொருந்தும்?

* அவசர பிரேக் பாதசாரிகளையும் இரு சக்கர வாகனங்களையும் அடையாளம் காணுமா? எந்த வேகம் வரை செயல்படும்?

* இணையச் சேவை எத்தனை ஆண்டுகளுக்கு இலவசம்? அதன் பின் ஆண்டுக் கட்டணம் எவ்வளவு? சந்தா நின்றால் எந்தெந்த வசதிகள் நின்றுபோகும்?

* ஏ.சி., ஒலி அளவு ஆகியவற்றுக்குத் தனிப் பொத்தான்கள் உள்ளனவா?

* இந்த வசதியைப் பின்னாளில் வெளியில் பொருத்திக்கொள்ள முடியுமா?

கடைசிக் கேள்விக்கு 'முடியும்' என்ற விடை கிடைத்தால், அந்த வசதிக்காக இன்றே கடன் வாங்க வேண்டிய அவசியம் இல்லை. பின்புறக் கேமரா, திருட்டைக் கண்காணிக்கும் ஜிபிஎஸ் கருவி, பயணத்தைப் பதிவுசெய்யும் கேமரா, நல்ல ஒலிபெருக்கி ஆகியவை இந்தப் பட்டியலில் அடங்கும். காற்றுப்பையும் இஎஸ்சி-யும் அடங்காது.

முடிவாக, எந்த விலைப்பட்டியலிலும் தனியாகக் குறிப்பிடப்படாத ஒரு வசதி உள்ளது. டாடா சன்ஸ் நிறுவனத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி 2022 செப்டம்பர் 4-ஆம் தேதி மகாராஷ்டிரத்தின் பால்கர் மாவட்டத்தில் நேரிட்ட விபத்தில் உயிரிழந்தார். அவர் பயணித்தது நவீனப் பாதுகாப்பு வசதிகள் கொண்ட சொகுசு கார். பின்னிருக்கையில் அமர்ந்திருந்த அவர் சீட் பெல்ட் அணிந்திருக்கவில்லை எனக் காவல் துறையினர் தெரிவித்தனர். அதே ஆண்டில் நாடு முழுவதும் சீட் பெல்ட் அணியாமல் விபத்தில் சிக்கி உயிரிழந்தோர் 16,715 பேர். அவர்களில் 8,331 பேர் பயணிகள். காற்றுப்பை முழுப் பயன் தர வேண்டுமெனில் சீட் பெல்ட் அணிந்திருக்க வேண்டும். அடிப்படை ரகத்திலும் உச்ச ரகத்திலும் ஒரே விதமாகக் கிடைக்கும் அந்தப் பட்டையைப் பின்னிருக்கையில் இருப்போரும் அணிவதற்குக் கூடுதலாக ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.